மாத்திரை நேரத்தைச் சுற்றி ஒரு நாள்: பார்க்கின்சன் நோயுடன் வாழப் புதிதாகப் பழகுபவர்களுக்கு

காலை ஏழு மணிக்கு என் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கால்மணி நேரம் ஆகும். விரல் பொத்தானைப் பிடித்துவிடும், துளைக்குள் நுழைக்க வராது. முதல் ஒரு வருடம் நானே குறுக்கே புகுந்து மளமளவென்று போட்டுவிடுவேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் நிற்பார். ஒரு நாள் வேறு வேலையில் மாட்டிக்கொண்டு எட்டு மணிக்குத்தான் அவர் அறைக்குப் போனேன். எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். அதே விரல்கள், அதே சட்டை. இடையில் கழிந்தது ஒரு மணி நேரம். உள்ளே போனது ஒரு மாத்திரை.

நோய் புதிதாகத் தெரியவந்திருக்கும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பொத்தான் கதையைத்தான். குளியல், நடை, சாப்பாடு, வெளியே போவது என்று எல்லாவற்றையும் மாத்திரை வேலை செய்யும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால், பாதிச் சண்டை வீட்டில் இருக்காது. "நேற்று முடிந்தது, இன்று ஏன் முடியவில்லை?" என்ற கேள்வியையும் கேட்க மாட்டீர்கள்.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

1817ஆம் ஆண்டு ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்து எழுதியதால் இந்தப் பெயர் வந்தது. தமிழில் நடுக்குவாதம் என்றும் சொல்கிறோம். அந்தப் பெயர் சற்றுத் தவறான வழியில் கொண்டுபோய்விடும். கைநடுக்கமே இல்லாத நோயாளிகளும் உண்டு. மூளையின் அடிப்பகுதியில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறிய பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அசைவைத் தொடங்கவும் சீராக நடத்தவும் டோபமைன் வேண்டும். அது குறையும்போது அசைவு மந்தமாகிறது, தசை விறைக்கிறது, ஓய்வாக வைத்திருக்கும் கை நடுங்குகிறது. பிற்பாடு உடல் சமநிலையும் தடுமாறுகிறது.

இதை ஒரே ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்ய முடியாது. நரம்பியல் மருத்துவர் நடக்கச் சொல்லியும், விரல்களைத் தட்டச் சொல்லியும், கையை மடக்கிப் பார்த்தும்தான் முடிவுக்கு வருகிறார். பலருக்கு வாசனை தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கனவைக் கண்டபடி கைகால்களை வீசுவது எல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும். அதை முன்பே கண்டுபிடித்திருக்கலாமே என்று இப்போது மருக வேண்டாம். அழியும் செல்களை நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் அறிகுறிகளைக் கட்டுக்குள் வைக்கும் மருந்துகள் நன்றாகவே இருக்கின்றன.

முதல் வேலை: ஒரு நோட்டுப் புத்தகம்

மருத்துவர் உங்களைப் பார்ப்பது சில நிமிடங்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். அவர் முன்னால் அப்பா ராணுவ வீரர்போல நடந்து காட்டுவார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். மருத்துவருக்கு அது தெரிய வழியில்லை. எனவே அடுத்த சந்திப்புக்கு முன்னால் மூன்று நாளாவது எழுதி வையுங்கள்.

பெரிய அட்டவணை எதுவும் தேவையில்லை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி போதும். மாத்திரை எப்போது, சாப்பாடு எப்போது, அந்த மணி நேரத்தில் உடல் எப்படி. உடல்நிலைக்கு நாங்கள் வைத்திருப்பது நான்கே சொற்கள்: நன்று, மந்தம், உறைவு, ஆட்டம். உறைவு என்றால் கால் எழாமல் நின்றுவிடுவது. ஆட்டம் என்றால் மருந்து உச்சத்தில் இருக்கும்போது கழுத்தோ உடலோ தானாக நெளிவது. இது நடுக்கத்திலிருந்து வேறுபட்டது. நடுக்கம் தாளக்கட்டோடு இருக்கும், நெளிவு கட்டில்லாமல் அலையும். இரண்டையும் குழப்பி மருத்துவரிடம் "நடுக்கம் கூடிவிட்டது" என்று சொன்னால் அவர் மருந்தை ஏற்றக்கூடும். தேவைப்படுவது நேர்மாறாக இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் கைப்பேசியில் அரை நிமிட வீடியோ எடுத்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் இந்தக் குழப்பத்திலேயே ஆறு மாதம் போனது.

மாத்திரையைப் புரிந்துகொள்வது

பெரும்பாலானோருக்கு எப்போதாவது ஒரு கட்டத்தில் தரப்படும் மருந்து லெவோடோபா. மூளைக்குள் போய் டோபமைனாக மாறுவது இதுதான். வழியிலேயே வீணாகாமலிருக்க, கார்பிடோபா அல்லது பென்செராசைடு என்ற துணை மருந்தைச் சேர்த்தே மாத்திரை செய்கிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் பொதுவாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். ரத்தத்தில் இதன் அளவு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆரம்ப வருடங்களில் மூளையில் மிச்சமிருக்கும் செல்கள் இதைச் சேமித்து நிதானமாகச் செலவு செய்வதால் இடைவெளி தெரியாது. பிறகு சேமிப்பு குறையும். அடுத்த மாத்திரைக்கு முன்பே உடல் இறுகத் தொடங்கும். மாத்திரை வேலை செய்யும் நேரத்தை 'ஆன்' என்றும், அதன் வேகம் தீர்ந்து உடல் இறுகும் நேரத்தை 'ஆஃப்' என்றும் மருத்துவர்கள் சொல்வார்கள். நீங்களும் அந்தச் சொற்களையே பயன்படுத்துங்கள், பேச்சு சுருக்கமாக முடியும்.

நேரம் தவறாமல் தருவதுதான் முக்கியம். பதினோரு மணி மாத்திரை என்றால் பதினோரு மணிதான்; விருந்தினர் வந்திருக்கிறார்கள் என்று பன்னிரண்டரைக்குத் தள்ளினால் அன்று மாலை வரை உடல் சீராகாது. கைப்பேசியில் அலாரம் வையுங்கள். ஒரு நாளுக்கான மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைக்கும் பெட்டி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். "போட்டேனா, இல்லையா" என்ற சந்தேகத்துக்கு அந்தப் பெட்டியே பதில் சொல்லும்.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடுவது நல்லது. காரணம் உண்டு. பால், முட்டை, மீன், இறைச்சி, பருப்பு ஆகியவற்றிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளையின் வாசலிலும் ஒரே வழியில் நுழைய முட்டிமோதுகின்றன. பலமான புரதச் சாப்பாட்டுக்குப் பின் போட்ட மாத்திரை 'பிடிக்கவில்லை' என்று தோன்றினால் இதுதான் விஷயம். அதற்காகப் புரதத்தை அடியோடு நிறுத்திவிடக் கூடாது. இந்த நோயில் எடை குறைவது தனிப் பிரச்சினை. ஆன், ஆஃப் ஏற்ற இறக்கம் உள்ளவர்கள் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டு, புரதத்தில் பெரும்பகுதியை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆரம்பத்தில் குமட்டினால் புரதம் இல்லாத பிஸ்கட் போன்ற ஏதாவது ஒன்றோடு போடலாம். இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவைக் கட்டிப்போடும். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

சிறுநீர், வியர்வையின் நிறம் கருமையாக மாறினால் பயப்பட வேண்டாம், மருந்தின் விளைவுதான். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரையைப் பொடித்துத் தரக் கூடாது. விழுங்கச் சிரமமாக இருந்தால் வேறு வடிவம் உண்டா என்று கேளுங்கள்.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். இந்த மருந்துகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடும் காய்ச்சல், இறுக்கம், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஊருக்குக் கிளம்பும்போது மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வைத்து அது தொலைந்தால் திண்டாட்டம். அடுத்தது, வாந்திக்குச் சாதாரணமாக எழுதித்தரும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் ஆகியவையும், மனக் குழப்பத்துக்குத் தரும் ஹாலோபெரிடாலும் டோபமைனைத் தடுப்பவை. நோயை ஒரே நாளில் மோசமாக்கிவிடும். இந்த நோய்க்கே தரப்படும் செலிகிலின், ரசாகிலின் போன்ற மருந்து எடுப்பவர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த இருமல் சிரப், டிரமடால், பெத்திடின் என்ற வலி மருந்துகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது. இந்தப் பெயர்களை ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வைப்பது நல்லது.

இதே நோய்க்குத் தரப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சிலருக்குச் சூதாட்டம், கட்டுக்கடங்காமல் பொருள் வாங்குவது, அளவுமீறிய பாலுணர்வு, தின்றுகொண்டே இருப்பது என்ற வெறிகள் பிடித்துக்கொள்ளும். வாழ்நாள் முழுவதும் சிக்கனமாக இருந்த மனிதர் திடீரென்று பணத்தை வாரி இறைத்தால் குணம் கெட்டுவிட்டது என்று திட்டாதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்தைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். இதே மருந்துகள் பகலில் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கத்தையும் கொண்டுவரும். வாகனம் ஓட்டுபவர்கள் இதை மறைக்கவே கூடாது.

கால் உறையும்போது

வாசற்படி, குறுகலான வழி, லிஃப்ட் கதவு, திரும்ப வேண்டிய மூலை. உறைவு வருவது இப்படிப்பட்ட இடங்களில்தான். பாதம் தரையில் பசைபோட்டதுபோல் நிற்கும். மேல் உடம்பு மட்டும் முன்னே போக முயலும். அப்போது பின்னாலிருந்து தள்ளுவதோ கையைப் பிடித்து இழுப்பதோ விழவைக்கும் வழி. "நட, நட" என்று அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும்.

செய்ய வேண்டியது வேறு. முதலில் நின்றுவிடச் சொல்லுங்கள். ஒரு மூச்சு விடட்டும். எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றட்டும். பிறகு ஒரு பெரிய அடி. பெரிய அடி எடுக்க வைப்பதற்குக் கண்ணுக்கோ காதுக்கோ ஒரு பிடிமானம் தேவை. நான் என் பாதத்தை அப்பாவின் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைப்பேன். "இதைத் தாண்டுங்கள்" என்பேன். அந்தக் கணம் வரை அசையாத கால், என் பாதத்தைத் தாண்டி அநாயாசமாக எழும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஏதோ மாயம்போல் இருந்தது. தானாக நடக்கும் வழி மூளையில் அடைபட்டிருக்கிறது, பார்த்துத் திட்டமிட்டு அடியெடுக்கும் வழி திறந்திருக்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். அதனால்தான் தரையில் நிற டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டுவது பலருக்கு உதவுகிறது. சிலருக்கு "ஒன்று, இரண்டு" எண்ணுவதோ, தாளம்போடும் மெட்ரோனோமோ, மனத்துக்குள் ஒரு பாட்டோ போதும். எது ஒத்துவருகிறது என்று நன்றாக இருக்கும் நேரத்தில் சோதித்துப் பாருங்கள்.

திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலக் கூடாது. அரைவட்டமாக நடந்து திரும்ப வேண்டும். நடந்துகொண்டே பேச்சு கொடுக்காதீர்கள். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யும்போது முதலில் கோட்டைவிடுவது நடையைத்தான். இரண்டு கையிலும் பொருளைக் கொடுத்து நடக்கவிடுவதும் வேண்டாம்.

வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்

விரிப்புகளைச் சுருட்டி எடுத்துவிடுங்கள், ஒன்றுகூட மிச்சம் வேண்டாம். தரையில் ஓடும் வயர்களை ஓரங்கட்டுங்கள். படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும். குளியலறையில் சுவரில் பதித்த கைப்பிடி, வழுக்காத பாய், உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலி; இந்த மூன்றுக்கும் செலவு செய்யத் தயங்காதீர்கள். துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுந்து, கம்பியோடு சேர்ந்து விழுந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

நாற்காலி தாழ்வாகவும் மெத்தென்றும் இருக்கக் கூடாது. எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குக் கீழே பின்னால் இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு மேலே வரும் அளவு குனிந்து, மூன்று எண்ணி எழ வேண்டும். குனியாமல் நேராக எழப் பார்ப்பதால்தான் மறுபடி மறுபடி பின்னால் விழுகிறார்கள். படுக்கையில் புரள முடியாதவர்களுக்கு இடுப்புப் பகுதியில் வழுவழுப்பான சாட்டின் துணியை விரித்தால் எளிதாகும். உடையும் சாட்டினாக இருக்க வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் கட்டிலிலிருந்தே சறுக்கிவிடும்.

பொத்தானுக்குப் பதில் ஒட்டும் பட்டை, தடித்த கைப்பிடியுள்ள கரண்டி, பாதி மட்டும் நிரப்பிய கனமான கோப்பை எல்லாம் கைகொடுக்கும். கையெழுத்து போகப்போகக் குறுகிக் கொசு அளவாகும். கோடு போட்ட தாளில் எழுதினால் ஓரளவு நிமிரும்.

உடற்பயிற்சி

மருந்துக்கு அடுத்தபடி நான் வைப்பது இதைத்தான். வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு இருக்கலாம். வேகநடை, ஓரிடத்தில் நிற்கும் சைக்கிள், நடனம், தாய்சீ என்ற நிதானமான சீன உடற்பயிற்சி எதுவாயினும் சரி. தாய்சீ சமநிலையைக் கூட்டி விழுவதைக் குறைக்கிறது என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 'ஆன்' நேரத்தில் செய்ய வைத்துக்கொள்ளுங்கள். நோய் முற்றிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். பிசியோதெரபிஸ்டை நோய் தெரிந்த மாதமே பார்த்துவிடுங்கள்.

குரலும் விழுங்குவதும்

அப்பாவுக்குத் தம் குரல் மெலிந்தது தெரியவே தெரியாது. எங்களுக்குத்தான் காது மந்தம் என்று நினைத்தார். தமக்குச் சரியாகக் கேட்கும் அளவே மற்றவர்களுக்கு முணுமுணுப்பு. கத்துவதுபோல் தோன்றும் அளவுக்குப் பேசினால்தான் சாதாரணக் குரல் வரும். அப்படிப் பழக்குவதற்கென்றே பேச்சுப் பயிற்சி இருக்கிறது. முகத்தசையும் இறுகுவதால் சிரிப்பு வெளியே தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "கோபமாக இல்லை, நோய்தான்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பின் குரலில் ஈரமான கரகரப்பு, அடிக்கடி நெஞ்சுச்சளி இருந்தால் உணவு மூச்சுக்குழலுக்குள் போகிறது என்று அர்த்தம் இருக்கலாம். நிமோனியா வரக் கூடும். தாமதிக்காமல் பரிசோதிக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, 'ஆன்' நேரத்தில், சின்னக் கவளமாக, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சாப்பிடட்டும். முடித்து அரை மணி நேரம் படுக்க வேண்டாம். வாயில் உமிழ்நீர் வழிவதற்குக் காரணம் அதிகமாகச் சுரப்பது இல்லை, தானாக விழுங்குவது குறைந்துபோவதுதான்.

வாய்விட்டுச் சொல்லாதவை

மலச்சிக்கலைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். ஆனால் வயிறு மந்தமானால் மாத்திரை குடலுக்குப் போய்ச் சேருவதும் தாமதமாகும். தண்ணீர், நார்ச்சத்து, நடை. இவை போதாவிட்டால் மருத்துவரிடம் மலமிளக்கி கேளுங்கள்.

எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறதா? படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் ஓரத்தில் உட்கார்ந்து கால்களை ஆட்டிவிட்டு எழட்டும்.

மனச்சோர்வும் பதற்றமும் நோயின் பகுதிகள். "தைரியமாக இரு" என்று சொல்லிப் பயனில்லை, அதற்கும் சிகிச்சை உண்டு. மூலையில் யாரோ குழந்தை நிற்கிறது என்று சொன்னால் வாதாடாதீர்கள், சிரிக்கவும் வேண்டாம். இல்லாதது கண்ணுக்குத் தெரிவது மருந்தாலோ நோயாலோ வரலாம். திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மருத்துவமனையில் சேரும்போது

வேறு எதற்காகச் சேர்த்தாலும், வார்டின் மருந்து நேரத்துக்கு உங்கள் நேரம் கரைந்துவிடக் கூடும். முழங்கால் வலிக்காக ஒரு தடவை சேர்த்தபோது, எல்லோருக்கும் தரும் நேரத்தில்தான் தருவோம் என்றார்கள். இரண்டாம் நாள் அப்பாவால் கட்டிலிலிருந்து தாமாக எழ முடியவில்லை. அதன்பிறகு மாத்திரைகளையும், நேரம் பெரிதாக எழுதிய தாளையும், தரக் கூடாத மருந்துகளின் பட்டியலையும் ஒரு பையில் தயாராக வைத்திருக்கிறேன். சேர்ந்த முதல் மணி நேரத்திலேயே தலைமைச் செவிலியரிடம் நிதானமாகப் பேசிவிடுங்கள். அறுவைச் சிகிச்சை என்றால் மயக்க மருந்து நிபுணரிடமும்.

மூளையில் மின்முனை பொருத்தும் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பலர் கேட்பார்கள். மாத்திரை நன்றாக வேலை செய்தும் ஏற்ற இறக்கம் தாங்க முடியாமல் போனவர்களுக்கே அது பொருந்தும். லெவோடோபாவுக்கு அசையாத அறிகுறி, நடுக்கம் தவிர, பெரும்பாலும் அந்தச் சிகிச்சைக்கும் அசையாது.

கவனித்துக்கொள்பவர்

இரவில் மூன்று முறை எழுந்து கழிவறைக்குக் கூட்டிப்போகிறவர் பகலில் எரிந்துவிழத்தான் செய்வார். வாரத்தில் அரை நாளாவது பொறுப்பை வேறு ஒருவரிடம் விடுங்கள். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நோட்டுப் புத்தகம் போதும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை என் தம்பி வருவான். பதினோரு மணி மாத்திரையைக் காட்டிவிட்டு நான் கிளம்புவேன். கதவருகில் நின்று ஒன்று மட்டும் சொல்வேன்: சட்டைப் பொத்தானைப் போட்டுவிடாதே.